விளையாட்டு வீரரும் வயிற்றுச் சோறும்

1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டியில், கேரளத்துப் பய்யோலியைச் சேர்ந்த குமாரி பி. டி. உஷா நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனிய நாட்டு மங்கை எடுத்துக்கொண்ட நேரம் 55.41 வினாடி, உஷா எடுத்துக்கொண்டது 55.42 வினாடி. ஒரு வினாடியை நூறு கூறாக்கி, அதில் ஒரு கூறினால் வெண்கலப் பதக்கம் கைநழுவிப் போயிற்று. இச்செய்தி நம் நேயர்களில் அநேகருக்குத் தெரிந்ததே. ஆயின், அவர் அந்நாட்களில் என்ன ஆகாரம் உண்டு ஓடினார் என்பது அத்துணை பேருக்குத் தெரிந்திராது. வீரர் விடுதியில் பரிமாறப்பட்ட அந்நிய உணவு தமக்கு ஒத்துக்கொள்ளாமல், அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமே தமக்கு ஆதாரமாயிருந்தனவென்றும், அதனால் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் வலிமை குன்றியதென்றும் அவரே பல ஆண்டுகளுக்குப் பின் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கஞ்சிதான் பதக்கத்தைப் பறித்தது என்று தீர்ப்புக் கூற எவராலும் இயலாது. ஓட்டத்தின் முடிவை நிர்ணயிக்கும் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து நிறுத்துப் பார்க்கத் தராசு கிடையாது. எனினும் ஒன்று மட்டும் நிச்சயம். நூறில் ஒரு வினாடிக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவருக்கு, நல்ல உணவு கிடைத்ததா என்ற சந்தேகத்திற்கே இடம் வைத்திருக்கக் கூடாது. அந்தச் சந்தேகம் இன்றைக்கும் நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானங்களில் ஓடும் ஒவ்வொரு பிள்ளையின் விஷயத்திலும் இருந்து வருகிறது. ஆதலால் வீரர் உண்பதும் பருகுவதும் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை, ஆராய்ச்சியாளர் கண்ட உண்மைகளைக் கொண்டு சற்று விரிவாக இங்கே எடுத்துச் சொல்ல முற்படுகிறோம்.

அறியாமை செய்த சோதனை

இவ்விஷயத்தில் அறியாமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தைப் பாருங்கள். கொளுத்தும் வெயில், வழியெல்லாம் புழுதி. ஓடுகிறவர்களுக்கு ஜலம் கிடைத்த இடங்களோ மிகச் சில. ஜலத்தைக் குறைத்தால் மனித தேகம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கவும் போட்டியை நடத்தியவர்களுக்கு ஆவல் இருந்தது. புறப்பட்டவர் 32 பேர். முடித்தவர் 14 பேரே. முதற்பரிசு பெற்ற தாமஸ் ஹிக்ஸ் என்பவர் குடிக்க ஜலம் கேட்டபோது, உடன் சென்றவர்கள் வாயை நனைத்துத் துடைத்துவிட்டார்களேயன்றிக் குடிக்கக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக முட்டையின் வெள்ளைக் கருவும், பிராந்தியும், எட்டிக் கொட்டையிலுள்ள ஸ்ட்ரிக்னைன் என்னும் விஷமும் ஊட்டினார்கள்! கியூபா தேசத்திலிருந்து வந்த தபால்காரர் ஒருவர், பசி தாளாமல் வழியிலிருந்த தோட்டத்து ஆப்பிள் பழங்களைத் தின்று, வயிற்று வலியால் அவதியுற்று, அப்படியும் நான்காவதாக வந்து சேர்ந்தார்.

ஓடும்போது தண்ணீர் குடிப்பது பலவீனத்தின் அடையாளம் என்ற மூட நம்பிக்கை அதன் பின்பும் வெகுகாலம் நீடித்தது. இன்றும் நம் கிராமங்களில், பயிற்சியின் நடுவே தண்ணீர் கேட்ட பையனை அதட்டி உட்கார வைக்கும் ஆசிரியர்கள் அடியோடு மறைந்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

ஆராய்ச்சி கண்ட உண்மை

மேனாட்டு வைத்தியர்கள் 1924-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். மிகவும் சோர்ந்து, வெளிறி, புத்தி தடுமாறி நின்றவர்களின் இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்திருக்கக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அதே ஓட்டக்காரர்களில் சிலரை, முன் நாட்களில் மாவுச் சத்துள்ள உணவை மிகுதியாக உண்ணச் செய்து, ஓட்டத்தின் நடுவே மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்வும் தடுமாற்றமும் பெரும்பாலும் அற்றுப்போயின.

இதன் காரணத்தை அறுதியிட்டுக் காட்டியவர்கள் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள். நாம் உண்ணும் சோறு, ரொட்டி, கிழங்கு முதலியவற்றின் மாவுச் சத்து, கிளைக்கோஜன் என்ற பொருளாகி, தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. கடும் உழைப்புக்கு இதுவே முதல் விறகு. இந்தச் சேமிப்பு அளவற்றதன்று. சாதாரண மனிதனிடம் தசைகளில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராமும், ஈரலில் 100 கிராமும் இருக்கும். பெர்க்ஸ்ட்ராம் என்பவரும் அவருடைய சகாக்களும் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து, 1967-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். கலப்பான சாதாரண உணவை உண்டவர்கள் சைக்கிள் பொறியில் சுமார் 114 நிமிஷம் மிதித்துக் களைத்தார்கள். மாவுச் சத்தை நீக்கிக் கொழுப்பும் புரதமுமே உண்டபோது அதே மனிதர்கள் 57 நிமிஷத்தில் ஓய்ந்தார்கள். மாவுச் சத்து மிகுந்த உணவை உண்டபோதோ 167 நிமிஷம் தாங்கினார்கள். மனிதர் மாறவில்லை, பயிற்சி மாறவில்லை, மாறியது இலையில் விழுந்த உணவு ஒன்றே. இதைவிடத் தெளிவான சாட்சியத்தை எந்த நியாயஸ்தலத்திலும் எதிர்பார்க்க முடியாது.

சோறு உண்பவன் பலவீனனா?

அரிசிச் சோறு உண்பவன் ஓட்டத்திற்கும் மல்லுக்கும் உதவான் என்று நம்மவர்களே தம்மை இழித்துப் பேசிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். ஸ்வீடனில் கண்ட உண்மையின் முன் இந்தப் பேச்சு நிற்காது. உலகத்தின் தலைசிறந்த தூர ஓட்டக்காரர்களைத் தந்துவரும் கென்யா தேசத்து வீரர்களின் முக்கிய ஆகாரம் உகாலி எனப்படும் மக்காச்சோளக் களி. 2004-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அவ்வீரர்கள் பெறும் சக்தியில் நான்கில் மூன்று பங்கு மாவுச் சத்திலிருந்தே வருவதாகக் கண்டார்கள். களியும், கீரையும், அவரையும், பாலும் சர்க்கரையும் கலந்த தேநீருமே அவர்களுடைய விருந்து. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த நம் பிள்ளைகள் இதைக் கேட்டு வெட்கத்தை விட்டொழிக்கலாம்.

ஆயினும் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பது முறை. ராபர்ட் மெக்காரிஸன் என்ற வைத்தியர், நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் இருந்துகொண்டு, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் திடமாக வளர்ந்து முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்து ஏழையின் அரிசி உணவை உண்டவை கடைசியில் நின்றன. இதிலிருந்து அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தவறு. தவிடு போகத் தீட்டிய அரிசியும், அதனுடன் போதிய பாலும் பருப்பும் கீரையும் சேராத வறுமையுமே குற்றவாளிகள். சோறு விறகாகும், விறகை மட்டும் அடுக்கி வீடு கட்ட முடியாது. தசை வளரவும், பழுதுபட்ட இழைகள் புதுப்பிக்கப்படவும் புரதம் வேண்டும். இரத்தத்திற்கு இரும்புச் சத்து வேண்டும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும்.

அளவைக் கணக்கிட்டுச் சொல்வோம். நாள்தோறும் ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் கடும் பயிற்சி செய்பவனுக்கு, தேக எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 முதல் 10 கிராம் மாவுச் சத்தும், 1.2 முதல் 2 கிராம் வரை புரதமும் வேண்டும் என்பது இக்காலத்து நிபுணர்களின் கருத்து. 60 கிலோ எடையுள்ள வாலிபனுக்கு இது 360 முதல் 600 கிராம் மாவுச் சத்தும், 72 முதல் 120 கிராம் புரதமும் ஆகிறது. இதைக் கேட்டு மலைக்க வேண்டுவதில்லை. 450 கிராம் அரிசியில் சுமார் 350 கிராம் மாவுச் சத்தும் 30 கிராம் புரதமும் உண்டு. 100 கிராம் பருப்பில் 22 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 10 கிராம் என்று புரதத்தைக் கூட்டிப் பாருங்கள்; அரிசியிலுள்ளதோடு சேர்த்துத் தொண்ணூறு கிராம் வந்துவிடுகிறது. மாவுச் சத்திலும் குறை இல்லை. பருப்பும், பாலும், இரண்டு வாழைப்பழமும் எஞ்சியதை நிரப்பிவிடும். இவற்றுள் கப்பலேறி வரவேண்டிய பண்டம் ஒன்றுமில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முருங்கைக் கீரை கொல்லையில் வளர்கிறது.

உண்ணும் காலமும் முக்கியம். பந்தயத்திற்கு மூன்று மணி நேரத்திற்கு முன், எளிதில் ஜீரணிக்கும் இட்டிலியோ, சோறோ வயிறாரக் கொள்ளலாம். அன்று எண்ணெய்ப் பலகாரமும், அதிகக் காரமும், பழகாத புதுப் பண்டமும் ஆகா. ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட ஓட்டமானால், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை சர்க்கரைச் சத்து இடையிடையே உட்செல்ல வேண்டும். ஒரு வாழைப்பழம் ஏறத்தாழ 25 கிராம் தரும். ஓட்டம் முடிந்தபின் சோறும் பருப்பும், அல்லது பாலும் பழமும், தாமதியாது உண்ணல் நலம். தினமும் பயிற்சி செய்பவனுக்கு இன்றைய இராச் சாப்பாடே நாளைய ஓட்டம்.

ஜலமும் உப்பும்

உணவினும் விரைவாகக் கொல்வது தாகம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் வியர்வையாய் வெளியேறிவிட்டால், அதிலும் வெயிற்காலத்தில், நீண்ட ஓட்டத்தின் வலிமை குன்றுகிறது. 60 கிலோ உள்ளவனுக்கு இது 1.2 கிலோ. தராசு ஒன்றிருந்தால் இதை எவரும் கண்டுகொள்ளலாம்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்க, குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை சிறிது சிறிதாக அருந்தி ஈடு செய்ய வேண்டும். பந்தயத்திற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற்கு முன் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர், அதாவது நம் வாலிபன் 300 முதல் 600 மில்லிலிட்டர் வரை பருகியிருப்பது நன்று. சிறுநீர் வெளுத்த மஞ்சளாயிருப்பின் தேகத்தில் ஜலம் போதுமானது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

வியர்வையோடு உப்பும் போகிறது. சர்க்கரையும் உப்பும் தக்க அளவில் சேர்ந்தால், குடல் ஜலத்தை விரைந்து ஏற்றுக்கொள்ளும். 1971-ஆம் ஆண்டு வங்கத்து அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பு-சர்க்கரை நீரையே குடிக்கக் கொடுத்து, நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணத்தை நூற்றுக்கு நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். உயிர் காத்த இதே தத்துவந்தான், 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புளோரிடா சர்வகலாசாலையில் டாக்டர் ராபர்ட் கேட் என்பவர் பந்து விளையாட்டு வீரர்களுக்கென்று செய்து, பின்னர் கேட்டரேட் என்ற பெயரால் உலகெங்கும் விற்கப்பட்ட பானத்திலும் அடங்கியிருக்கிறது. எலுமிச்சம்பழமும், வெல்லமோ சர்க்கரையோ, ஒரு சிட்டிகை உப்பும் நம் வீட்டில் இல்லையா? கோடையில் வழிப்போக்கனுக்கு நீர்மோரும் பானகமும் வார்த்த மக்கள், தம் பிள்ளைகளை வறண்ட தொண்டையோடு ஓடவிடுவது எவ்வளவு விபரீதம்!

ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு உப்பின் அளவு இயல்புக்குக் கீழே குறைந்திருந்தது. தாகத்திற்கு மிஞ்சி வெறும் நீரை மெள்ள ஓடிக்கொண்டே மிகுதியாகக் குடித்ததே முக்கிய காரணம். இதனால் மூளை வீங்கி உயிரிழந்தவர்களும் உண்டு. ஓடும்போது வியர்த்ததற்கு மேல் குடித்து எடையை ஏற்றிக்கொள்ளலாகாது என்பதே விதி.

பட்டினியால் வெல்ல நினைப்பது

எடைப் பிரிவுகள் உள்ள மல்யுத்தம், குத்துச்சண்டை முதலியவற்றில் வேறொரு தீங்கு வேரூன்றியிருக்கிறது. உணவையும் நீரையும் நிறுத்தி, வியர்வை சிந்தி, எடையைத் திடீரென்று குறைப்பதே அது. 1997-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியில் சில வாரங்களுக்குள் மடிந்தார்கள். அதன்பின் அங்கே விதிகள் மாற்றப்பட்டன. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிவரை வென்று, மறுநாட் காலை 100 கிராம் மிகுந்திருந்ததால் நீக்கப்பட்டதை நாடு மறக்கவில்லை. இரவு முழுதும் உணவும் நீரும் ஒடுக்கி, தலைமயிரைக்கூடக் கத்தரித்தும் பயனில்லாமற் போயிற்றென்று இந்தியக் குழுவின் வைத்தியர் அறிவித்தார். விதி விதிதான், அதைப் பழித்துப் பயனில்லை. தேகத்தை வாட்டி அதன் இயல்பான எடைக்குக் கீழே தள்ளும் வழக்கத்தைத்தான் ஆராய வேண்டும்.

பெண் மக்களின் விஷயத்தில் இது இன்னும் கவலைக்குரியது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசீயக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படியே. இரத்தத்தில் இரும்புச் சத்து இல்லாத பெண்ணை இன்னும் வேகமாக ஓடு என்று அதட்டுவது, எண்ணெயற்ற விளக்கைத் திரி தூண்டுவது போன்றது. உழைப்புக்கேற்ற உணவு கிடையாவிட்டால் மாதவிடாய் நின்று, எலும்பு பலங்குன்றி, எளிதில் முறிகிறது என்பதை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014-ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துக் காட்டினார்கள். இதைப் பேச வெட்கப்படும் பயிற்சியாளர் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கத் தகுதியற்றவர். கீரை, பருப்பு, வெல்லம், இயன்றவர்க்கு மீனும் இறைச்சியும், அவற்றோடு நெல்லியோ எலுமிச்சையோ சேர்ப்பது நன்று; சாப்பாட்டுடன் தேநீர் பருகுவதைத் தவிர்க்க வேண்டும், அது இரும்புச் சத்தை உடலில் சேரவொட்டாமல் தடுக்கும்.

டப்பாவில் வரும் பலம்

இவ்வளவுக்கும் மாற்றாக, பளபளக்கும் டப்பாக்களில் பலத்தை அடைத்து விற்கும் வியாபாரம் ஊர்தோறும் செழிக்கிறது. தகப்பன் கடன் வாங்கி மகனுக்கு மாவு டப்பா வாங்கித் தருகிறான். அதே வீட்டில் பருப்பும் பாலும் குறைகின்றன! 2000, 2001-ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 டப்பாக்களை ஜெர்மனியில் கொலோன் நகரத்து ஆராய்ச்சிசாலையில் சோதித்தார்கள். அவற்றுள் 94-இல், மேற்சீட்டில் குறிப்பிடாத ஹார்மோன் சரக்குகள் கலந்திருந்தன. இவற்றை அறியாமல் உண்டவன் ஊக்க மருந்துச் சோதனையில் அகப்பட்டால், ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. தன் தேகத்துக்குள் செல்வதற்குத் தானே பொறுப்பாளி என்பது அச்சட்டத்தின் அடிப்படை. ஒரு வாலிபனின் வாழ்க்கையையே அழிக்கக்கூடிய பண்டத்தை, வேர்க்கடலையும் முட்டையும் செய்துவிடக்கூடிய வேலைக்காக ஏன் வாங்க வேண்டும்?

யார் பொறுப்பு?

இதுவரை சொன்னவற்றை எல்லாம் ஓர் ஏழைப் பையனிடம் உபதேசித்துவிட்டுப் போவது எளிது. ‘ஐயா, பாலும் முட்டையும் நல்லவைதாம், யார் வாங்கித் தருவார்?’ என்று அவன் திருப்பிக் கேட்டால் என்ன விடை சொல்வோம்? பள்ளிப் பிள்ளைக்குச் சோறிடுவது சமூகத்தின் கடன் என்ற கொள்கையைத் தமிழ்நாடு முன்னரே ஏற்றுக்கொண்டுவிட்டது. காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலையுணவும் தொடங்கப்பட்டது. அக்காலையுணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கென்று ஏற்பட்டது. மைதானத்தில் விடியற்காலையில் ஓடுபவனோ எட்டாவதும் ஒன்பதாவதும் படிப்பவன். ஒருவேளைச் சோற்றின் உரிமை எந்த வயதில் முடிகிறதோ, அந்த வயதில்தான் அவனுடைய கடும் பயிற்சி தொடங்குகிறது.

ஆகையால் பொது வேலையில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு நாம் வேண்டிக்கொள்வது இது. உங்கள் ஊரில் பந்தயம் நடக்கும்போது பரிசுக் கோப்பைக்குப் பணம் திரட்டுகிறீர்கள்; தோரணம் கட்டுகிறீர்கள்; தலைவர்களை அழைத்து மாலையிடுகிறீர்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து, ஓட வருகிற பிள்ளைகளுக்குக் காலையில் இட்டிலியும் பழமும், பந்தயம் முடிந்ததும் பருப்புச் சோறும் அளியுங்கள். மைதானத்தின் ஓரத்தில் சுத்தமான குடிநீரும், உப்பிட்ட மோரும் வையுங்கள். உச்சி வெயிலில் தூர ஓட்டம் வைப்பதைத் தடுத்து நிறுத்துங்கள். பயிற்சிக்கென்று ஒதுக்கப்படும் பணத்தில் உணவுப்படி எவ்வளவு, அது பிள்ளையின் இலைக்கு வந்து சேருகிறதா என்று கணக்குக் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தப் பரிசோதனை நடக்கச் செய்யுங்கள். இவற்றுள் எதற்கும் புதுச் சட்டம் வேண்டுவதில்லை. பத்துப் பேர் மனம் வைத்தால் அடுத்த வாரமே நடக்கும்.

கஞ்சி குடித்து ஓடிய பய்யோலிப் பெண் 2022-ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைமைப் பதவிக்கே வந்தார். அது அவருடைய மன உறுதிக்குப் பெருமை; நமக்குப் பெருமையன்று. அத்தகைய மன உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்களிலும் எத்தனையோ பேர் பெயர் தெரியாமல், பசியோடு, மூன்றாவது சுற்றிலேயே மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். பதக்கம் வந்த பின்பு மாலையிட ஆயிரம் கைகள் நீளுகின்றன. ஓடுவதற்கு முன்பு சோறிட ஒரு கை நீளட்டும்.